65 செ.மீ. படகுக்குப் பாய்: குடைத்துணியா, பிலிமா? எதை வைத்து முடிவு செய்வது?

மாந்தோப்பு65 (காவேரிப்பட்டணம்)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போதுதான் கேட்க ஒரு விஷயம் வந்திருக்கிறது.

65 செ.மீ. ரேடியோ படகு ஒன்று கட்டி முடித்துவிட்டேன். பால்சா விலா எலும்பு, மேலே கண்ணாடி இழை, அடியில் ஈயக் குண்டு. உடல் நன்றாக மிதக்கிறது, சுக்கான் சொன்ன பேச்சைக் கேட்கிறது. பிரச்சினை பாயில்தான். இந்த 65 செ.மீ. போட்டிப் படகு வகுப்பில் இரண்டு பாயும் சேர்த்து 2,250 சதுர செ.மீ. வரை வைக்கலாம் என்பதால் அந்த அளவுக்கு இரண்டு ஜோடி செய்தேன். ஒன்று கடையில் மீட்டர் கணக்கில் வாங்கிய குடைத்துணி, ஓரம் மடித்து மிஷினில் தைத்தது. இன்னொன்று 50 மைக்ரான் ட்ரேசிங் பிலிம், ஒரே துண்டாக வெட்டியது.

எங்கள் ஊர் ஏரியில் 80 மீட்டர் தூரத்துக்கு இரண்டு கம்பு நட்டு நேரம் பார்த்தேன். சனிக்கிழமை மாலை குடைத்துணியில் 2 நிமிடம் 40 வினாடி. ஞாயிறு மாலை பிலிமில் 2 நிமிடம் 5 வினாடி. அப்படியானால் பிலிம்தான் என்று முடிவு செய்துவிடலாமா? ஆனால் பிலிம் பாய் பலகை மாதிரி நிற்கிறது. காற்றுக்கு எதிராகச் சாய்த்து ஓட்டினால் படகு நின்றுவிடுகிறது. துணிப் பாய் சுருக்கம் சுருக்கமாக இருந்தாலும் எதிர்க்காற்றில் கொஞ்சம் ஏறுகிறது. குழப்பமாக இருக்கிறது, வழி சொல்லுங்கள்.

ஓசூர்_லேத் (ஓசூர்)

பிலிம்தான் அண்ணா, யோசிக்கவே வேண்டாம். ஆனால் 50 மைக்ரான் இந்தப் படகுக்கு அதிகம். பாலியெஸ்டர் பிலிம் 50 மைக்ரான் என்றால் சதுர மீட்டருக்கு 70 கிராம். உங்கள் பரப்புக்கு 15, 16 கிராம் வந்துவிடும். 36 மைக்ரான் போட்டால் 11 கிராம்தான். கம்பத்தின் உச்சியில் இருக்கும் ஒவ்வொரு கிராமும் அடியில் இருக்கும் ஈயத்துக்கு எதிராக வேலை செய்கிறது. நகைக்கடைத் தராசு சின்னதாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எல்லா வேலைக்கும் ஆகும்.

பூங்கொத்துக் கடையில் சுற்றித் தரும் பளபளப்புத் தாளைச் சிலர் சொல்வார்கள். அது வேறு பிளாஸ்டிக், எடை இன்னும் குறைவு, ஆனால் இழுத்தால் இழுத்த இடத்திலேயே நின்றுவிடும். நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதில் வீணாக்கினேன்.

சோதிப்பதற்கு ஏரிக்கே போக வேண்டாம். ஸ்டாண்ட் ஃபேன் முன்னால் படகை நிறுத்திப் பாருங்கள், பாயின் குறை எல்லாம் தெரிந்துவிடும்.

ஏரிக்கரை_வாத்தியார் (பாரூர்)

தம்பி, முதலில் அந்த இரண்டு நேரங்களையும் அழித்துவிடுங்கள். அவை பாயைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். சனிக்கிழமை வினாடிக்கு 3 மீட்டர், ஞாயிறு 4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்னத்தில் பட்டால் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஆனால் பாய் மேல் விழும் விசை கிட்டத்தட்ட 1.8 மடங்கு. உங்கள் 35 வினாடி இதற்குள்ளேயே அடங்கிப் போய்விடும்.

இன்னும் கிட்டத்தில் காட்டுகிறேன். கிருஷ்ணகிரிப் பக்கம் நாம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம், இங்கே காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.17 கிலோ என்று எடுத்துக்கொள்ளலாம். வினாடிக்கு 4 மீட்டர் காற்றில் 2,250 சதுர செ.மீ. பாய் மேல் தோராயமாக 210 கிராம் எடை அளவுக்கு விசை விழும். காற்று 8 மீட்டர் ஆனால் அது 850 கிராமைத் தாண்டும். ஓசூர்க்காரர்கள் இன்னும் 400 மீட்டர் மேலே இருக்கிறார்கள், அதே வேகக் காற்றில் அவர்களுக்கு விசை நான்கு சதவீதம் போலக் குறையும்.

இன்னொன்று. எதிர்க்காற்றில் ஏறுவதும் பக்கக் காற்றில் ஓடுவதும் வேறு வேறு சோதனை. நீங்கள் கம்பு நட்ட திசை பக்கக் காற்றுத் திசையாக இருந்திருக்கும். அதில் பலகைகூட ஓடும். பாயின் தரம் எதிர்க்காற்றில்தான் வெளிப்படும்.

பாலக்கோடு_தையல் (பாலக்கோடு)

நான் படகுக்காரி இல்லை, என் பையன் படகு விடுகிறான், அவனுக்குப் பாய் நான்தான் வெட்டித் தருகிறேன். 19 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் இது தையல் கேள்வி என்று தோன்றியது, அதனால் எழுதுகிறேன்.

துணியின் சுருக்கம் முதலில். குடைத்துணியை எடுத்து இழை ஓடுகிற திசையில் இரண்டு கையாலும் இழுங்கள், அசையாது. குறுக்கு இழையில் இழுங்கள், அதுவும் ஏறக்குறைய அசையாது. இப்போது மூலைக்கு மூலை, கிராஸாக இழுங்கள். ரப்பர் மாதிரி வரும். கிராஸ் கட் ஜாக்கெட் உடம்போடு படிந்து நிற்பது இந்த இழுவையால்தான். ஜாக்கெட்டுக்கு அது அழகு, பாய்க்கு அது கேடு.

முக்கோணப் பாயில் மூன்று ஓரம் இருக்கிறது. முன் ஓரம் கம்பத்தில் கட்டியிருக்கும், அடி ஓரத்துக்கு பூம், அதாவது பாயின் அடியைப் பிடிக்கிற குறுக்குக் கம்பு, இருக்கும். பின் ஓரத்துக்கு மட்டும் பிடிமானம் இல்லை. உச்சியிலிருந்து பின் மூலை வரை இழுக்கிற பாரம் முழுக்க அந்த ஓரத்தில்தான் ஓடுகிறது. அதனால் நேர் இழை பின் ஓரத்தோடு ஓட வேண்டும். நீங்கள் துணியை மிச்சம் பிடிப்பதற்காக முன் ஓரத்தை இழையோடு வைத்து வெட்டியிருப்பீர்கள், பெரும்பாலும் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். அப்போது பின் ஓரம் கிராஸில் மாட்டிக்கொள்ளும். முதல் நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் அலை அலையாகத் தொங்கும். மடித்துத் தைத்தால் இன்னும் மோசம், தையல் நூல் ஓரத்தைச் சுருக்கிவிடும். மடிக்காதீர்கள். சால்டரிங் அயர்ன் நுனியால் ஸ்கேல் வைத்து வெட்டினால் ஓரம் உருகி அடைத்துக்கொள்ளும், இழை பிரியாது.

அடுத்தது வயிறு. பிலிம் பலகையாக நிற்கிறது என்றீர்கள். தட்டையான துண்டை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கட்டினாலும் தட்டையாகத்தான் நிற்கும். தட்டைத் துணியில் ஒரு குழிவு வர வேண்டும் என்றால் நாங்கள் என்ன செய்வோம்? டாட், அதாவது சின்ன மடிப்புத் தையல், பிடிப்போம். ஓரத்தில் கொஞ்சம் துணியை உள்ளே வாங்கிவிட்டால் நடுவில் தானாகப் புடைப்பு வரும். பாயை நான்கு ஐந்து துண்டாக வெட்டி ஒட்டுவது எடைக்காகவோ அழகுக்காகவோ இல்லை, ஒவ்வொரு ஒட்டும் ஒரு டாட். மேல் துண்டின் அடி ஓரம் நேராக இருக்கட்டும். கீழ்த் துண்டின் மேல் ஓரத்தை லேசான வில்லாக வெட்டுங்கள். இரண்டையும் சேர்த்து ஒட்டினால் இரண்டு முனையிலும் துணி வாங்கிக்கொள்ளும், நடு புடைக்கும்.

என் பையன் பாயில் வில்லின் உயரம் 1 மி.மீ.தான். பென்சில் கோட்டின் தடிமனை விடக் கொஞ்சம் கூட. வில்லின் உச்சி நடுவில் வரக் கூடாது, முன் ஓரத்திலிருந்து 40 சதவீதத்தில் வர வேண்டும். நடுவில் வைத்தால் காற்று வந்ததும் புடைப்பு இன்னும் பின்னால் தள்ளிக்கொண்டு போய்விடும்.

மாந்தோப்பு65

அக்கா, நீங்கள் சொன்னது சரி. இப்போதுதான் போய்ப் பார்த்தேன், நேர் இழை முன் ஓரத்தில்தான் இருக்கிறது. கிராஸாக இழுத்துப் பார்த்ததில் ஒரு சாணுக்கு அரை விரல் நீளுகிறது.

1 மி.மீ. வில்லை எப்படி வெட்டுவது? ஸ்கேலில் கை ஆடினாலே அவ்வளவு வந்துவிடுமே. பிலிமில் ஒட்டுவதற்கு எந்த டேப்?

ஓசூர்_லேத்

இதை நான் சொல்கிறேன். வில்லைக் கையால் வரையாதீர்கள். மெல்லிய எஃகு ஸ்கேல் அல்லது பழைய ஹேக்ஸா பிளேடை இரண்டு ஆணிக்கு நடுவில் வளைத்து, மூன்றாவது ஆணியை 40 சதவீத இடத்தில் 1 மி.மீ. தள்ளி அடியுங்கள். அந்த வளைவை 3 மி.மீ. அக்ரிலிக் துண்டில் எடுத்துத் தேய்த்து வைத்துவிட்டால் ஆயுளுக்கும் அதே அச்சு.

தட்டையான மேசைதான் பாதி வேலை. மரப்பலகை வேண்டாம், வெயிலுக்கு நெளியும். கிருஷ்ணகிரியில் கிரானைட் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. மூலை உடைந்ததால் ஒதுக்கிவைத்த பாலிஷ் பலகை ஒன்று கேளுங்கள், இரண்டடிக்கு மூன்றடி போதும். அதன் மேல் பிலிமை லேசாகத் தண்ணீர் தெளித்து விரித்தால் கண்ணாடி மாதிரி ஒட்டிக்கொள்ளும். பிளேடு ஒரே இழுப்பில் போக வேண்டும், நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில்தான் பிறகு கிழியும். கிரானைட் மேல் பிளேடு முனை சீக்கிரம் மழுங்கும், பத்து வெட்டுக்கு ஒரு முனை உடைத்து மாற்றுங்கள்.

டேப் என்றால் இரண்டு பக்கமும் பசை உள்ள மெல்லிய டிஷ்யூ வகை, 6 மி.மீ. அகலம். கண்ணாடி மாட்டுகிற ஃபோம் டேப் வேண்டவே வேண்டாம். ஒட்டினதும் கரண்டிப் பின்புறத்தால் அழுத்தித் தேய்த்து, ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள். பசை இறுகுவதற்கு நேரம் வேண்டும். நான் ஒரு தடவை காலையில் ஒட்டி அன்று மாலையே காரில் போட்டுக்கொண்டு போனேன். மே மாதம். மூடின காருக்குள் ஒரு மணி நேரம் இருந்தது. எடுத்துப் பார்த்தால் இரண்டாவது ஒட்டு முன் மூலையில் 3 மி.மீ. வழுக்கியிருந்தது. 1 மி.மீ. கணக்குப் பார்த்து வெட்டின பாயில் 3 மி.மீ. வழுக்கல். பாயையே தூக்கி எறிய வேண்டியதாயிற்று.

பிலிம் பாயை மடிக்கவும் கூடாது. மடித்த கோடு வெள்ளையாக நின்றுவிடும். பிவிசி குழாயில் சுற்றி வையுங்கள், ஒட்டுகள் குழாய்க்கு இணையாக வரும்படி.

வயிறு எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். அடி விளிம்பு 240 மி.மீ. என்று வையுங்கள். பின் மூலையை பூமில் 2.3 மி.மீ. முன்னால் தள்ளினால் அடியில் 6 சதவீத வயிறு வரும், அதாவது 14 மி.மீ. ஆழம். 6.4 மி.மீ. தள்ளினால் 10 சதவீதம், 24 மி.மீ. ஆழம். பலத்த காற்றுக்கும் மெல்லிய காற்றுக்கும் உள்ள முழு வித்தியாசமும் நான்கு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. பூமில் பென்சிலால் கோடு போட்டு வைக்காமல் யாரும் ஏரிக்குப் போகாதீர்கள்.

தூத்துக்குடிப்_பாய் (இப்போது ஓசூர்)

அருமையான விவாதம். வேலைக்காக மலையேறி வந்து ஆறு வருஷம் ஆச்சு, பாய் பற்றி இங்கே இவ்வளவு பேச்சு நடப்பதைப் பார்த்து மனசு நிறைந்துவிட்டது. எங்கள் பக்கம் தோணிக்காரர்கள் பாய் ஏற்றுகிற கயிற்றை ஆஞ்சான் என்பார்கள், பாயின் பின் மூலையை இழுத்துப் பிடிக்கிற கயிற்றைத் தாமான் என்பார்கள். உங்கள் படகில் சர்வோ மோட்டார் இழுக்கிறதே, அந்தக் கயிறு தாமான்தான். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டால் பேச எளிதாக இருக்கும்.

எல்லோரும் வயிற்றைப் பற்றிப் பேசுகிறீர்கள், முறுக்கு பற்றி யாரும் சொல்லவில்லை. தண்ணீர் மேல் உரசிக்கொண்டு போகிற காற்று மெதுவாக இருக்கும், மேலே போகப் போக வேகம் கூடும். படகு ஓடும்போது அது உண்டாக்குகிற எதிர்க்காற்றும் சேர்ந்து வருகிறது. கீழே நிஜக் காற்று மெதுவாக இருப்பதால் சேர்ந்து வரும் காற்று மூக்குப் பக்கத்திலிருந்து வருவது போல இருக்கும், உச்சியில் இன்னும் பக்கவாட்டிலிருந்து வரும். ஒரே பாய்க்குக் கீழே ஒரு திசையில் காற்று, மேலே ஒரு திசையில் காற்று. அதனால் உச்சி கொஞ்சம் திறந்து, கீழ்ப்பகுதி கொஞ்சம் மூடி நிற்க வேண்டும். பெரிய தோணியை விட நம் சின்னப் படகுகளுக்கு இது முக்கியம், ஏனென்றால் நம் பாய் முழுக்கத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, வேகம் சட்டென்று மாறுகிற அடுக்கும் அதுதான்.

பின் விளிம்பில் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் பழைய ஆடியோ கேசட் நாடாவை விரல் நீளத்துக்கு வெட்டி ஒட்டுங்கள். ஓடும்போது மூன்றும் பின்னால் நேராகப் பறக்க வேண்டும். மேல் நாடா மட்டும் பாயின் பின்பக்கம் ஒளிந்துகொண்டால் உச்சி ரொம்ப மூடியிருக்கிறது, பூமைக் கீழே இழுக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

அதனால் லேத் தம்பி, ஃபேன் சோதனையை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஃபேன் காற்று திருகிக்கொண்டு வருகிறது, நடுவில் ஓட்டை, ஓரத்தில் வேகம். முறுக்கை அதில் பார்த்துச் சரிசெய்தால் ஏரியில் தப்பாகத்தான் நிற்கும்.

ஓசூர்_லேத்

அண்ணாச்சி, முறுக்குக்கு நான் சொல்லவில்லை. சுருக்கம் எங்கே விழுகிறது, ஓரம் எங்கே படபடக்கிறது என்று பார்ப்பதற்கு ஃபேன் போதும். மழைக்காலத்தில் ராத்திரி பத்து மணிக்கு வேறு என்ன செய்வது?

ஏரிக்கரை_வாத்தியார்

இருவரும் சொல்வது சரி, இரண்டும் வேறு வேறு கேள்விகள். திருகலைக் குறைக்க வேண்டுமானால் குளிர்பான ஸ்ட்ராக்களை அடுக்கி ஒரு சட்டத்தில் ஒட்டி ஃபேன் முன்னால் வையுங்கள். குழாய் வழியே வரும் காற்று திருகலை இழந்துவிடும். அப்போதும் மேலும் கீழும் வேகம் மாறுகிற அடுக்கு அதில் வராது.

வயிற்றின் வடிவத்தை அளப்பதற்கு எனக்குப் பிடித்த வழி கைபேசிதான். பாயின் கால், அரை, முக்கால் உயரத்தில் மெல்லிய கருப்பு நாடா குறுக்கே ஒட்டுங்கள். படகைக் காற்றில் பிடித்துக்கொண்டு, பூமுக்கு அடியிலிருந்து மேல்நோக்கிப் படம் எடுங்கள். மூன்று வளைவும் படத்தில் தெளிவாக வரும். திரையில் முனைக்கு முனை கோடு போட்டு, ஆழம் எவ்வளவு, ஆழம் அதிகமான இடம் எங்கே என்று ஸ்கேல் வைத்து எடுத்துவிடலாம். நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த பாய் செய்யும்போது வெட்டின அளவும் கிடைத்த வடிவமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

ராமக்காள்_ஏரி (தருமபுரி)

நான் கல்லூரியில் படிக்கிறேன், இன்னும் படகு கட்டவில்லை. இரண்டு சந்தேகம். எங்கள் ஊரில் பட்டுக்கூடு அங்காடியே இருக்கிறது, பட்டுத்துணி மெல்லியது, பலமானது. அதில் பாய் செய்யலாமா? அடுத்தது, ஒகேனக்கல் பரிசலில் இப்படிப் பாய் கட்டினால் எதிர்க்காற்றில் ஏறுமா?

ஏரிக்கரை_வாத்தியார்

பட்டு காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 11 சதவீதம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நைலான் 4 சதவீதம், பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. ஈரம் ஏறினால் நீளும், காய்ந்தால் சுருங்கும். உங்கள் பாய் காலையில் ஒரு வடிவம், பத்து மணிக்கு ஒரு வடிவம். குடைத்துணி வாங்கும்போதும் நைலானா பாலியெஸ்டரா என்று கேட்டு வாங்கச் சொல்வது இதற்காகத்தான். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் ஒரு முழம் துண்டை அளந்து, அரை மணி நேரம் நனையவிட்டுத் திரும்ப அளந்து பாருங்கள்.

பரிசல் ஏறாது. எதிர்க்காற்றில் பாய் படகை முன்னால் தள்ளுவதை விடப் பக்கவாட்டில்தான் அதிகம் தள்ளுகிறது. அந்தப் பக்கத் தள்ளலைத் தண்ணீருக்குள் இருக்கும் ஆழமான துடுப்பு, நாம் கீல் என்கிறோம், அது தாங்கிப் பிடிக்க வேண்டும். பரிசலுக்கு அடிப்பகுதி வட்டம், பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. காற்று போகிற பக்கம் சுழன்றுகொண்டே போகும்.

தூத்துக்குடிப்_பாய்

தம்பி, படகு கட்டினதும் ஆகாயத்தாமரை இல்லாத இடமாகப் பார்த்து இறக்குங்கள். கீலில் ஒரு கொடி மாட்டினால் பாய் என்ன செய்தாலும் பலனில்லை. கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குகிற நாளிலும் வேண்டாம்.

மாந்தோப்பு65

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கிரானைட் பலகை கிடைத்தது, சும்மாவே கொடுத்தார்கள், தூக்கி வரத்தான் இரண்டு பேர் வேண்டியிருந்தது. 36 மைக்ரான் பிலிமில் ஐந்து துண்டுப் பாய் ஒட்டினேன். வில் 1 மி.மீ., உச்சி 40 சதவீதத்தில். முதல் ஒட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது, நான்காவதுக்கு இருபது நிமிடம்.

அக்காவின் துணி முறையிலும் இன்னொரு ஜோடி செய்தேன். பாலியெஸ்டர் குடைத்துணி, மூன்று துண்டு, நேர் இழை பின் விளிம்போடு.

பிலிம் பாயை மாட்டினதும் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. பின் மூலையிலிருந்து கம்பத்தின் நடுப்பகுதி வரை சாய்வாக ஒரு மடிப்பு விழுகிறது. எவ்வளவு இழுத்தாலும் போகவில்லை, இழுக்க இழுக்க ஆழமாகிறது.

ஓசூர்_லேத்

கம்பத்தின் உச்சியிலிருந்து படகின் பின்முனைக்கு வருகிற பின்பக்கத்துக் கயிற்றை இறுக்கியிருக்கிறீர்களா? கம்பம் நடுவில் முன்னால் வளைகிறது. பாயின் முன் விளிம்பு நேராக வெட்டியது, கம்பம் வில்லாக நிற்கிறது, நடுவில் துணி போதவில்லை. அதனால் மூலையிலிருந்து இழுக்கிறது. கம்பத்தின் வளைவை அளந்து, முன் விளிம்பிலும் அதே வில்லை வெட்ட வேண்டும். இப்போதைக்குப் பின் கயிற்றைத் தளர்த்துங்கள்.

பாலக்கோடு_தையல்

முன் ஓரத்தில் குறுக்குக் குறுக்காகச் சின்னச் சின்னச் சுருக்கம் வந்தால் அது வேறு, முன் ஓரத்தைக் கீழே இழுத்துக் கட்டினால் போய்விடும். முன் ஓரத்துக்கு இணையாக நெட்டாக ஒரு மடிப்பு வந்தால் அதிகம் இழுத்துவிட்டீர்கள். உங்களுக்கு வந்திருப்பது மூன்றாவது வகை. அளவெடுக்காமல் தைத்த உடுப்பு அப்படித்தான் இழுக்கும். அடுத்த பாய்க்குக் கம்பத்தைக் கட்டின நிலையில் அளவெடுத்துக் கொடுங்கள்.

ஏரிக்கரை_வாத்தியார்

தளர்த்திவிட்டு ஞாயிறு பாரூருக்கு வாருங்கள், பெரிய ஏரியில் பார்த்துவிடலாம். மீன் குத்தகைக்காரரிடம் நான் பேசிவைக்கிறேன். ஓசூர் தம்பியும் தன் படகைக் கொண்டு வரட்டும், இரண்டு படகு இல்லாமல் இந்தச் சோதனை நடக்காது.

திட்டம் இதுதான். இரண்டு படகும் ஒரே நேரத்தில், பத்தடி இடைவெளியில், எதிர்க்காற்றில் ஏற வேண்டும். காற்று கூடினாலும் குறைந்தாலும் இரண்டுக்கும் சமம். ஆறு ஓட்டம் முடிந்ததும் பாயை மட்டும் படகு மாற்றிக் கட்டி இன்னும் ஆறு ஓட்டம். அப்போது படகின் வேகம் பாயின் கணக்கில் சேராது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்.

காற்று நம் முகத்தில் அடிக்கிற கரையில் நிற்போம். காற்று முதுகுப் பக்கத்துக் கரையையும் மரத்தையும் தாண்டி வந்தால், அவற்றின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரத்துக்காவது தண்ணீர் மேல் காற்று கலங்கித்தான் வரும். முகத்தில் அடிக்கிற காற்று என்றால், ரேடியோ நின்றுபோனாலும் படகு நம் கரைக்கே வந்து சேரும். ஆடிக் காற்று இன்னும் அடங்கவில்லை, அதனால் காலை ஏழு மணிக்கே தொடங்கிவிடலாம்.

மாந்தோப்பு65

பாரூர் போய்வந்த கதை. விரிவாகவே எழுதுகிறேன், இதற்காகத்தான் இந்த விவாதத்தைத் தொடங்கினேன்.

முதல் ஆறு ஓட்டத்தில் என் படகில் பிலிம், லேத் தம்பி படகில் துணி. தம்பி படகு நான்கு தடவை முந்தியது, என்னுடையது இரண்டு. அப்போது துணிதான் உசத்தி என்று நினைத்தேன். கரையிலேயே பாயை மாற்றிக் கட்டினோம், 25 நிமிடம் ஆனது. அடுத்த ஆறில் பிலிம் கட்டிய தம்பி படகு ஐந்து தடவை முந்தியது. ஆக, படகு கணக்கில் தம்பி படகு 9, என் படகு 3. பாய் கணக்கில் பிலிம் 7, துணி 5.

வாத்தியார் சார் அந்த 7-5 கணக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நாணயத்தை 12 தடவை சுண்டினால் சரிக்குச் சரி 6-6 விழுவது நூற்றுக்கு 23 தடவைதான். மிச்சம் 77 தடவை 7-5 அல்லது அதை விட அதிக வித்தியாசம்தான் வரும். அதனால் இந்த 7-5 ஒன்றையும் நிரூபிக்கவில்லை.

அப்புறம்தான் முக்கியமான விஷயம் நடந்தது. தூத்துக்குடி அண்ணாச்சியும் வந்திருந்தார். அவர் கரையில் குனிந்து நின்று என் பாயின் மேல் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அது பறக்கவே இல்லை, பாயின் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றது. பூமைக் கீழே இழுக்கும் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தச் சொன்னார். அரைச் சுற்றுதான். பின் விளிம்பின் மேல் பாதி சுமார் ஒரு விரல் அகலம் வெளியே திறந்தது. தண்ணீரில் விட்டதும் மேல் நாடா இரண்டு மூன்று தடவை துடித்து, நேராக எழுந்து நின்றது. படகு சாய்வது குறைந்து, மூக்கு காற்றுப் பக்கம் ஏறியது கண்ணுக்கே தெரிந்தது.

அதையும் முறைப்படி சோதித்தோம். என் படகில் திருகு தளர்ந்த நிலை, தம்பி படகில் பழைய இறுக்கம், நான்கு ஓட்டம். பிறகு தம்பி படகில் தளர்த்தி, என்னுடையதை இறுக்கி, நான்கு ஓட்டம். எட்டு ஓட்டத்திலும் தளர்ந்த பாய்தான் முந்தியது, மெதுவான என் படகில் இருந்தபோதும். நாணயம் இப்படி எட்டும் ஒரே பக்கம் விழ 128-ல் ஒரு வாய்ப்புதான் என்றார் சார்.

துணியா பிலிமா என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒட்டின் வில்லும் அரைச் சுற்றுத் திருகும்தான் படகை ஓட்டுகின்றன.

ஓசூர்_லேத்

பத்து மணிக்கு மேல் காற்று ஏறினதையும் எழுதுங்கள் அண்ணா. இரண்டு படகும் படுத்துவிட்டன, ஈயத்தால் நிமிர்த்த முடியவில்லை. நமக்கு ஆடி, ஆவணிக்கு என்று குட்டைக் கம்பமும் சின்னப் பாயும் தனியாக ஒரு ஜோடி வேண்டும். ஒரு மீட்டர் நீளமுள்ள சர்வதேச வகுப்பில் இப்படி மூன்று அளவு ஜோடி விதியிலேயே இருக்கிறது.

பாலக்கோடு_தையல்

சின்னப் பாயில் வயிறு குறைவாக இருக்கட்டும், வில் அரை மி.மீ. போதும். என்னிடம் பாலியெஸ்டர் துணி மூன்று மீட்டர் மிச்சம் இருக்கிறது, இரண்டு பேருக்கும் வெட்டித் தருகிறேன். கம்பத்தை மாட்டி, பின் கயிற்றை எப்போதும் போல இறுக்கி, நடுவில் எத்தனை மி.மீ. வளைகிறது என்று அளந்து எழுதுங்கள். அளவில்லாமல் கத்தரிக்கோலை எடுக்க மாட்டேன்.

மாந்தோப்பு65

அளந்துவிட்டேன் அக்கா. உச்சியிலிருந்து அடிவரை நூல் கட்டிப் பார்த்ததில் நடுவில் 6 மி.மீ., முக்கால் உயரத்தில் 4 மி.மீ. குட்டைக் கம்பத்தின் நீளம் 620 மி.மீ. சனிக்கிழமை மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்கோடு வருகிறேன், கம்பத்தையும் கையோடு கொண்டுவந்து கடையில் கொடுத்துவிடுகிறேன்.